பிலாவிளை வீட்டின் பதினொரு நோயாளிகள்

போன வாரம் நம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இளையவர்கள் நீங்கள் போட்ட வரைபடத்தைப் பார்த்தேன். அடேயப்பா, என்ன நிறம், என்ன மினுக்கம்! பஞ்சாயத்தில் மூச்சு நோய்க்கு மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்களை வீடு வீடாகப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மேல் மட்டும் சிவப்பு அப்பிக் கிடக்கிறது. அதன் கீழே யாரோ 'ஹாட் ஸ்பாட்' என்று எழுதித் தீப்பிடித்த பொம்மை ஒன்றையும் ஒட்டியிருக்கிறார்கள். வரிசையாகக் கட்டைவிரல்கள். "சாறு மட்டும் ஒண்ணும் சொல்லல்லியே?" என்று, ஸாரைச் சாறாக்கி, என்னைக் கேட்டீர்கள்.

சொல்கிறேன். கட்டைவிரலில் அடங்குகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படத்தைப் பஞ்சாயத்துக் கமிட்டிக்கு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் அனுப்பத் தோன்றினால் உங்கள் பாடு.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். கேரள அரசின் புள்ளிவிவரத் துறையில் சேர்ந்த புதிதில் பாறசாலைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு வீட்டுக் கணக்கு எடுக்க அனுப்பினார்கள். பஸ்ஸில் கூட்டம் இருக்காது என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் இறங்கினேன். அவ்வளவு சுறுசுறுப்பு! வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. படிவத்தில் 'ஆள் வசிக்காத வீடு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக், டிக் என்று போட்டுக்கொண்டே நடந்தேன். அது போதாதென்று, 'எல்லோரும் வளைகுடாவுக்குப் போவதால் ஊர் காலியாகி வருகிறது' என்று சொந்தமாக ஒரு பத்தியும் எழுதிச் சேர்த்தேன். மேலதிகாரி அதைப் படித்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எலே, நீ காலின்னு எழுதின ஊரு மொத்தமும் அப்போ சபையில இருந்து பாட்டு படிச்சிட்டு இருந்திருக்கும். சத்தம் கேக்கல்லியா உனக்கு?"

கேட்டது. சர்ச்சில் நல்ல பாட்டு என்றுகூட நினைத்தேன். பூட்டையும் பாட்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அதோடு எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வேலையை விட்டு இறங்க இரண்டு வருடம் இருக்கும்போது, தலை நரைத்த பிறகு, இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் எஸ்தர் என்ற ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்தது.

அப்போது பஞ்சாயத்தின் ஆரோக்கிய நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு நோய்க்காரர்களுக்கு மாதம் ஒருநாள் மருந்து கொடுப்பார்கள். முகவரி நம் பஞ்சாயத்துக்குள் இருந்தால் மாதம் முழுவதற்கும் கிடைக்கும். வெளியூர்க்காரருக்கு மூன்று நாளுக்குத்தான். அந்தப் பதிவேட்டை வாங்கி வந்து, முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரைபடத்தில் புள்ளி வைத்து, வார்டின் ஜனத்தொகையால் வகுத்து நிறமும் தீட்டினேன். உங்களுடையது போலவே வந்தது. ஒரே குன்றில் ஒரே சிவப்பு. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ரப்பர் ஷீட் புகை போடும் ஒரு புகைப்புரை!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாலு மரம், பத்து மரம் வைத்திருப்பவர்கள் பாலை உறைய வைத்து ஷீட் அடித்துக் கொண்டுவருவார்கள். அவற்றை உள்ளே தொங்கவிட்டு, விறகும் தேங்காய்த் தொண்டும் எரித்துப் புகை போடுவார்கள். புகை இருக்கிறது, பக்கத்திலேயே மூச்சு நோயும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கமிட்டியில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினேன். "அய்யோ" என்றார்கள். அந்த "அய்யோ" எனக்குப் பாராட்டாகக் கேட்டது. பிரசிடென்ட் அம்மா, அடுத்த கூட்டத்தில் புகைப்புரையின் லைசன்ஸை ரத்து செய்துவிடலாம் என்று சொல்லி, நான் அந்த இடத்தைப் பார்த்து ஒரு போட்டோவும் எடுத்து வரவேண்டும் என்றார்.

போட்டோ எடுக்கத்தான் போனேன். விசாரிக்க அல்ல. இதைக் கவனியுங்கள்.

புகைப்புரைக்காரியின் பெயர் எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். வீட்டுப் பெயர் பிலாவிளை. செய்தி எனக்கு முன்பே குன்றேறிப் போயிருந்தது.

"படம் வரச்ச சாறு நீங்கதானா?" என்றாள். "நல்லா இருக்கும் உங்களுக்கு. இரியுங்க. மரச்சீனி அவிச்சிருக்கு."

பிழைப்பைக் கெடுக்க வந்தவனுக்கு மரச்சீனியும் மீன்கறியும் வைத்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். வாயில் மரவள்ளிக் கிழங்கோடு விளக்கமும் கொடுத்தேன்.

"அக்கா, கோபப்படாதீங்க. நான் இட்டுக்கட்டி எழுதவில்லை. உங்க புகையால் முதலில் கஷ்டப்படுறது உங்க வீட்டு ஆட்கள்தான். பதிவேட்டில் இந்த ஒரு வீட்டிலேயே பதினொரு பேருக்கு இழுப்பு."

எஸ்தர் மீன்கறிச் சட்டியை மூடி வைத்தாள். இரண்டு அறை வீடு. எட்டிப் பார்த்தால் தெரிகிற ஒரே கட்டில்.

"பதினொரு பேரும் எங்கே?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போயிருக்கு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நம்பினேன்! நம்பியது மட்டுமா? குறிப்பேட்டை எடுத்து, 'இரண்டு அறையில் பதின்மூன்று பேர். இட நெருக்கடியும் நோய்க்குக் காரணமாகலாம்' என்று எழுதினேன். ஒரு பொய்க் காரணம் போதாதென்று அதற்கு ஒரு தம்பியையும் பெற்றெடுத்தேன். மக்களே, கணக்கில் விழுந்தவன் கண்ணால் பார்ப்பதையும் கணக்குக்குத் தோதாகத்தான் பார்ப்பான். கட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்பது என் கண்ணில் பட்டது. ஆனால் மண்டைக்குள் போகவில்லை.

மறுநாள் மருந்து நாள். பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதும் சிந்துவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பனச்சமூட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"வீட்டுப் பேரு?" என்றாள் சிந்து.

"பிலாவிளை."

"அடுத்தது. வீட்டுப் பேரு?"

"பிலாவிளை."

மூன்றாவது பிலாவிளையில் நான் நிமிர்ந்தேன். நான்காவதாக ஒரு பெண். அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "பிலாவிளை வீட்டில் எத்தனை அறை?"

"மூணு" என்றாள்.

"ஏட்டி, நாலு" என்று பின்னாலிருந்து ஒருவர் திருத்தினார்.

"மாடி உண்டு" என்றார் அவருக்கும் பின்னால் நின்றவர்.

சிந்து பேனாவை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாறினு இது அறிஞ்ஞூடாயிருந்நோ?" என்று கேட்டாள். இது தெரியாதா என்கிறாள். மருந்து வாங்கியதும் அத்தனை பேரும் அதே ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் பனச்சமூட்டைத் தாண்டி, கேரளத்தையும் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போயிற்று.

நம் ஊரில் எல்லை என்பது ரோட்டில் ஒரு போர்டு. அதற்கு இந்தப் பக்கம் அக்காள், அந்தப் பக்கம் தங்கை. கல்யாணமும் கருமாதியும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தால் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரியின் வீட்டுப் பெயரைச் சொல்வது வழக்கம். அதை இங்கே யாரும் பொய் என்று நினைப்பதில்லை. அக்காள் வீடு தன் வீடுதானே! இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். என் சித்தப்பாவே என் வீட்டு முகவரியில் சீட்டு எடுத்தவர். அதெல்லாம் தெரிந்தும், பதிவேட்டில் அச்சடித்த கட்டத்துக்குள் பார்த்ததும் முகவரி என்றால் ஆள் வசிக்கும் இடம் என்று நம்பிவிட்டேன்.

நோயாளிகள் இரண்டு மாநிலத்துக்காரர்கள். நான் வகுத்ததோ ஒரு வார்டின் ஜனத்தொகையால். அப்புறம் சிவக்காமல் என்ன செய்யும்?

அன்றைக்கே மறுபடியும் குன்றேறினேன். எஸ்தர் ஷீட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கண்டு பிடிச்சாச்சா?"

"நேற்றே சொல்லியிருக்கலாமே அக்கா! பதினொரு பேரும் இங்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்க புகைப்புரை தப்பித்திருக்கும்."

"சொன்னா அவியளுக்கு மருந்து நிக்கும்" என்றாள். "எல்லாம் எனக்க சின்னம்மைக்க மக்க, சபையில கூட நிக்குததுங்க. என்ட்ட வந்து, எக்கா, உனக்க வீட்டுப் பேர சொல்லட்டான்னு கேக்கும். மூச்சு வாங்கிட்டு நிக்கவன்ட்ட வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல?"

"அதுக்காக உங்க பிழைப்பை விடுவீங்களா?"

"விட ஆசையாக்கும் எனக்கு?" என்று சீறினாள். ஷீட்டைத் தூக்கி அடித்தாள். கண் நிறைந்துவிட்டது. "இத பூட்டினா நானும் எனக்க கூட வேலைக்கு நிக்குத ரெண்டு பேரும் எங்க போவோம்? ஆனா புகைப்பெரை பூட்டினா மனுசன் சாவ மாட்டான். மருந்து நின்னா செத்திருவான். நீங்க படிச்ச ஆளு. ஆரயும் காட்டிக் குடுக்காம அந்தப் படத்த மாத்தப் பற்றுமா, சொல்லுங்க."

யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுக்கு மேல் அத்தனை சிவப்புப் புள்ளிகள் வந்ததற்குக் காரணம் புகை இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தன் வீட்டுப் பெயரைக் கொடுத்தாள், அதுதான் காரணம். குன்றிலேயே இளகிய மனசுக்காரியை நான் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். திரும்பி இறங்கும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கமிட்டி மறுநாள் காலை. என் முன்னால் இரண்டு வழிதான் தெரிந்தது. உண்மையைப் பெயரோடு சொல்வது ஒன்று. எஸ்தர் தப்பிப்பாள், பதினொரு பேருக்கு மருந்து நிற்கும். இன்னொன்று, அந்தப் பதினொரு வரியையும் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் நீக்கிவிடுவது. படம் வெளுத்துவிடும், யாருக்கும் தெரியாது. பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து நீல நிறமாக்கிக்கூட வைத்துவிட்டேன். ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தவில்லை. நல்ல காரணத்துக்காக இன்றைக்கு நான் அழித்தால், நாளைக்கு இன்னொருவன் கெட்ட காரணத்துக்காக அழிப்பான். இரண்டு பேருடைய படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அதில் என் மானம் போகும். அதனால்தான் கடைசியாகத் தோன்றியது.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நான் காட்டிய படம் தப்பு" என்றேன். "நம் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறவர்கள் யார் என்பதைத்தான் அந்தப் பதிவேடு சொல்கிறது. இங்கே வசிக்கிறவர்கள் யார் என்று அது சொல்லவில்லை. நாம் வீட்டுப் பெயர் கேட்டோம், அவர்கள் வீட்டுப் பெயர் சொன்னார்கள். எங்கே வசிக்கிறீர்கள் என்று நாம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நானாக விடை எழுதிக்கொண்டேன். யாருடைய தப்பும் இல்லை, என்னுடையது."

பிரசிடென்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் சிலர் வெளியே இருந்து வருகிறார்கள் என்கிறீர்களா? யார் யார்?"

மெம்பர்களைப் பார்த்தேன். ஒருவர் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனை உற்றுப் பார்த்தார். இன்னொருவருக்குத் திடீரென்று செருப்பு வார் சரி செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் தங்கையோ மச்சானோ இல்லாத ஒருவர்கூட அந்த அறையில் கிடையாது. பிரசிடென்ட் அம்மாவின் சொந்த அத்தையே அந்தப் பக்கம்தான். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

"சரி, அப்போ புகையால் கேடு இல்லை என்று எழுதிவிடலாமா?" என்றார்.

இங்கேதான் வழுக்கும், மக்களே. எஸ்தருக்காக "ஆமாம்" என்று சொல்ல நாக்கு துடித்தது.

"அதுவும் தெரியாது" என்றேன்.

"பின்னே சாறினு எந்தா அறியாவுந்நது?" என்று அவர் மலையாளத்துக்குத் தாவினார். பிறகு உமக்கு என்னதான் தெரியும் என்று அர்த்தம். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நியாயமான கேள்விதானே! ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரம் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போகவில்லை, நடந்தேன். புகைப்புரையைச் சுற்றியிருந்த எல்லா வீடுகளுக்கும் போனேன். பிறகு வெள்ளறடைப் பக்கம், புகைப்புரை இல்லாத அதே போன்ற ஒரு குன்றிலும் அதே அளவு வீடுகளுக்குப் போனேன். முகவரி கேட்கவில்லை. "நேற்று ராத்திரி இந்த வீட்டில் யாரெல்லாம் உறங்கினீர்கள்?" என்று கேட்டேன். உறங்கியவர்களில் யாருக்கு இழுப்பு என்று கேட்டேன். பிலாவிளையில் உறங்கியவர்கள் இரண்டே பேர். இழுப்பு யாருக்கும் இல்லை. எஸ்தரின் கணவருக்குக் குறட்டை உண்டு, அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இரண்டு குன்றிலும் இழுப்புக்காரர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தார்கள். ஆனால் வீடுகள் குறைவு, ஆட்கள் குறைவு. சின்ன வித்தியாசம் இருந்தால் இதில் தெரியாது. ஆகவே, 'இந்தக் கணக்கை வைத்துப் புகைப்புரையைப் பூட்ட முடியாது. புகையால் தீங்கு இல்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதினேன். லைசன்ஸ் ரத்தாகவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பத்தி கூடியது: 'நேற்று உறங்கிய இடம்.' அது கணக்குக்கு மட்டும், மருந்து கொடுப்பவர் பார்க்க வேண்டியதில்லை என்று பிரசிடென்ட் அம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபேனைப் பார்த்தவர்தான் முதலில் வழிமொழிந்தார்.

நல்ல செய்தி சொல்லக் குன்றேறினேன். எஸ்தருக்குக் கோபம்.

"தீங்கு இல்லேன்னு ஒரு வரி எழுதினா உங்க கை ஒடிஞ்சா போவும்?"

"தெரிந்தால் எழுதமாட்டேனா அக்கா? தெரியாது."

முறைத்தாள். ஒரு ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "தெரியாதுன்னா தீங்கு இருக்கலாம்னும் அர்த்தம் உண்டில்லியா?" என்றாள். அடுத்த மாதம் போகும்போது புகைக்குழாய் ஓட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரம் ஏறியிருந்தது. என் அறிக்கையைச் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். அதே குன்று, அதே சிவப்பு. நீங்களும் வீட்டுப் பெயர்ப் பத்தியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அதற்கு அடுத்த பத்தியைத் திறக்கவே இல்லை.

பதிவேட்டில் நீங்கள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்த பிறகு, பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மனைவியின் பங்கு நிலத்தில் நான் வீடு கட்டிக் குடியேறியது உங்களுக்குத் தெரியும். போன மழையில் எனக்கும் இழுப்பு வந்ததுதான் தெரியாது. ஏணிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்போது பயமாக இருக்கிறது. பொய் சொல்வானேன்? மருந்து நாளன்று போய் வரிசையில் நின்றேன். இந்தப் பக்கம் எனக்கு இப்போது முகவரி இல்லை, மூன்று நாள் மருந்தோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிந்து என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை, எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். பிலாவிளை.

"நான் ஒன்றும் சொல்லவில்லையே?"

"எஸ்தரக்கா காலத்தே வந்து சொல்லியாச்சு" என்றாள். "சாறு வருவாரு, வெக்கப்பட்டு மிண்டாம நிப்பாரு, நீ எழுதிக்கோன்னு."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு வாங்கியது. மூடிக்கொண்டேன்.

"அடுத்த பத்தி" என்றாள் சிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "இந்நலெ சாறு எங்க உறங்கினீங்க?"

உண்மையைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

ஆகவே, அந்தப் படத்தை இன்றைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம். முதலில் குன்றேறிப் போங்கள். எஸ்தர் மரச்சீனி தருவாள், சாப்பிடுங்கள். அந்த வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். இப்போதும் இரண்டே பேர்தான். நீங்கள் வைத்திருப்பது பன்னிரண்டு புள்ளி. அதில் கடைசிப் புள்ளி நான்.